படல் பூதம்

ஹெஸ்டர் மாசனுக்குக் கதை காலில்தான் வரும். மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தால் ஒரு வரி நகராது. எழுந்து பூட்ஸை மாட்டிக்கொண்டு, ஜேபெஸ் ஐவ்சனின் பண்ணையை ஒட்டிப் போகும் பாதையில் மலை ஏற ஆரம்பித்தால் போதும், வைகிங் கடற்கொள்ளையர்கள் படகை விட்டுக் குதிப்பார்கள், ரோமானியச் சிப்பாய் மதில்மேல் நின்று குளிரில் பல்லைக் கடிப்பான், மடாலயம் தீப்பற்றி எரியும். எல்லாருடைய வசனத்தையும் அவளே உரக்கப் பேசிப் பார்ப்பாள். நல்ல உயரமும் அகலமுமான பெண்மணி. வெகுகாலம் பெண்கள் பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து, கடைசிப் பெஞ்சு வரை கேட்கும்படி பேசிப் பழகிய தொண்டை. அந்தத் தொண்டையால்தான் கெட்டது காரியம்.

அந்த மலையடிவார ஊரான கெல்ட்சைடில் ஆடுகள் குட்டி போடும் பருவம். ஹெஸ்டர் மேட்டில் நின்றுகொண்டு, டென்மார்க் அரசன் தன் ஆட்களைப் போருக்கு அழைக்கும் இடத்தைச் சொல்லிப் பார்த்தாள். முதல் தடவை திருப்தியாக வரவில்லை. கைத்தடியைத் தலைக்குமேல் சுழற்றி இன்னும் பலமாகக் கூவினாள். கீழே கல் சுவருக்கு அந்தப் பக்கம் வயிறு கனத்துப் படுத்திருந்த ஐவ்சனின் ஆடுகள் அலறியடித்துக்கொண்டு சரிவில் ஓடின. அவள் அதைக் கவனிக்கக்கூட இல்லை. அரசனின் வசனம் சரியாக வந்துவிட்ட சந்தோஷத்தில் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் பாதையின் குறுக்கே இருந்த படலில் சங்கிலியும் பூட்டும் தொங்கின. படலுக்கு அந்தப் பக்கம் ஜேபெஸ் ஐவ்சன் நின்றிருந்தார். இரண்டு புருவமும் நடுவில் ஒன்றாகச் சேர்ந்து, நெற்றியில் கம்பளிப்புழு படுத்திருக்கிற மாதிரி இருக்கும் அவருக்கு. எதையும் சொல்வதற்கு முன் ஒரு தடவை மூக்கை உறிஞ்சிக்கொள்வார்.

"நேத்து மேட்டுல கத்துனது யாரு?"

"நான் ஒண்ணும் கத்தலை, மிஸ்டர் ஐவ்சன். டென்மார்க் அரசன் தன் ஆளுங்களைக் கூப்பிட்டான்."

"அவன் போட்ட கூப்பாட்டுல எங்க ஆடுங்க செத்த குட்டியா ஈன்னு வெச்சிருக்கு. ஒண்ணு ஓடையில விழுந்து காலை ஒடிச்சுக்கிச்சு. காலையிலதான் அதைச் சுட்டுட்டு வர்றேன்."

ஹெஸ்டருக்குச் சுருக்கென்றது. மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் கண் பூட்டின்மேல் போய் விழுந்தது.

"அதுக்காக வழியை அடைக்கறதா? இது பொதுப் பாதை. மடாலயத்துத் துறவிங்க கம்பளி மூட்டையை ஏத்திட்டுப் போன பாதை. நூத்துக்கணக்கான வருஷமா இருக்கு."

ஜேபெஸ் மூக்கை உறிஞ்சினார்.

"அப்ப அந்தத் துறவிங்களை வரச்சொல்லுங்க. திறந்துவிடறேன்."

"நான் கோர்ட்டுக்குப் போவேன்."

"பாக்கலாம், பாக்கலாம்."

எதற்கெடுத்தாலும் அவர் வாயில் வருகிற பதில் அது. ஆட்டுக்கு விலை கேட்டாலும் அதுதான், மழை வருமா என்று கேட்டாலும் அதுதான். அன்று அந்த வார்த்தை ஹெஸ்டரின் முகத்தில் எச்சிலைப் போல் வந்து விழுந்தது.

அவள் கோர்ட்டுக்குப் போகவில்லை. அவளிடம் அதைவிடக் கூர்மையான ஆயுதம் இருந்தது. அப்போது அவள், வடக்கத்தி மலைகளில் வழங்கும் பழைய பூதக் கதைகளைப் பிள்ளைகளுக்காகத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தாள். அதில் ஒரு துண்டுக் கதை: மலைக்குப் போகும் வழியில் ஒரு பூதம் நின்று எல்லோரையும் மறிக்கும். பழைய கதையில் அதற்கு மேல் விவரம் கிடையாது. ஹெஸ்டர் அதற்குப் புருவம் வைத்தாள், நெற்றி முழுக்க ஒரே புருவம். மூக்கை உறிஞ்ச வைத்தாள். யார் எதைக் கேட்டாலும் "பாக்கலாம், பாக்கலாம்" என்று சொல்ல வைத்தாள். கால் வலியெடுக்க மலை சுற்றி வந்தபோதுகூட வராத வேகத்தில் அந்தக் கதை வந்தது. முதல் முறையாக மேஜையிலேயே உட்கார்ந்து எழுதினாள்.

கதை இப்படிப் போகும். பூதம் படலைப் பூட்டிச் சாவியைப் பனிக்குள் ஒளித்துவைக்கிறது. இடையனுக்குத் திறக்கவில்லை, கல்யாண ஊர்வலத்துக்குத் திறக்கவில்லை. ஒருநாள் பூதத்தின் குழந்தைக்கே காய்ச்சல் வருகிறது. மூலிகைக்காரி வந்து படலுக்கு வெளியே நிற்கிறாள். பூதம் சாவியைத் தேடுகிறது, கிடைக்கவில்லை. உள்ளே இருந்து குழந்தை சொல்கிறது: "அப்பா, வெளியில யாரோ நிக்கறாங்க. பாவம், குளிரும். உள்ள விடுப்பா." பூதம் சாவியைக் கண்டுபிடித்துத் திறக்கும்போது குழந்தை கல்லாகிக் கிடக்கிறது.

எழுதி முடித்ததும் ஹெஸ்டருக்குக் கண்ணீர் வந்தது. தன் கதைக்குத் தானே அழுவது அவளுக்கு அபூர்வம். நல்ல கதை என்பதற்கு அதுவே அடையாளம் என்று எடுத்துக்கொண்டாள்.

புத்தகம் வந்து சில மாதங்களில் வானொலியில், பிள்ளைகளுக்கான மாலை நிகழ்ச்சியில், ஒரு நடிகர் அந்தக் கதையை வாசித்தார். மூக்கை உறிஞ்சுவது உட்பட எதையும் விடவில்லை. கெல்ட்சைடில் அந்த நேரத்தில் வானொலி பாடாத வீடே கிடையாது.

மறுநாள் தபாலாபீஸ் கடைக்குள் ஹெஸ்டர் நுழைந்ததும் மிஸஸ் டின்ஸ்டேல் கல்லாவுக்குப் பின்னால் இருந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கடை, தபால், ஊர்வம்பு மூன்றும் அவள் பொறுப்பு.

"மிஸ், உண்மையைச் சொல்லுங்க. அந்தப் பூதம் நம்ம ஆளுதானே?"

"பூதம் எல்லா ஊர்லயும் இருக்கும், மிஸஸ் டின்ஸ்டேல்."

"எல்லா ஊர்லயும் இருக்கும். ஆனா அந்தப் புருவம் ஒரே ஊர்லதான் இருக்கு!"

ஹெஸ்டர் சிரித்துக்கொண்டே பாலாடைக்கட்டியை வாங்கிக்கொண்டு வந்தாள். அடுத்த வாரம் இன்னொரு சேதி கிடைத்தது. ஆட்டுச் சந்தையில் ஏலம் விடுகிறவன், ஜேபெஸின் கிடாக்கள் ஏலம் நடக்கும் வளையத்துக்குள் வந்ததும், "என்ன கேக்கறீங்க? பாக்கலாம், பாக்கலாம்" என்று மூக்கை உறிஞ்சிக்காட்ட, சந்தையே உருண்டு புரண்டு சிரித்ததாம். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அவருடைய படலண்டை நின்று, சாவியைக் காணோமா என்று கத்திவிட்டு ஓடினார்களாம். ஹெஸ்டர் அன்று கேக்கில் இன்னொரு துண்டு வெட்டிக்கொண்டாள்.

அந்த ருசி அதிக நாள் நிற்கவில்லை. ஒரு பகல் வேளையில் கதவு தட்டப்பட்டது. தர்சா ஐவ்சன், ஜேபெஸின் மனைவி. இத்தனை வருஷத்தில் ஹெஸ்டரின் வீட்டுப் படியை மிதிக்காதவள். சின்ன உருவம். மார்போடு அணைத்து எதையோ எடுத்து வந்திருந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. கையில் இருந்ததை ஹெஸ்டரின் கையெழுத்துப் பிரதிகளுக்கு நடுவில் மேஜைமேல் வைத்தாள். கந்தல் துணியால் குழந்தை மாதிரி சுற்றி, தலைக்குக் கயிறு கட்டிய ஒரு கல்.

"எங்க படல்ல தொங்கிட்டிருந்தது. உங்க வாசகருங்க வேலை."

"பிள்ளைங்க விளையாட்டு, மிஸஸ் ஐவ்சன். நான் வேணும்னா பள்ளிக்கூடத்துல சொல்லி..."

"எங்களுக்கு ஒரு பொண்ணு இருந்தா. தெரியுமா உங்களுக்கு?"

ஹெஸ்டர் அந்தக் கல்லையே பார்த்தாள்.

"டோர்க்கஸ்னு பேரு. அந்தப் பெரும்பனி வருஷத்துல போய்ட்டா. பனி சுவர் உசரத்துக்கு மூடிக்கிடந்தது. படல் உறைஞ்சு இறுகிப்போச்சு. டாக்டர் எப்படியோ நடந்து வந்து அந்தப் பக்கம் நின்னுட்டாரு, பையைத் தலைக்குமேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு. இந்தப் பக்கம் எம் புருஷன். மண்வெட்டி ஒடிஞ்சுபோச்சு. கையாலயே தோண்டினாரு. நகம் பூரா பேந்து போச்சு. டாக்டர் உள்ள வந்தப்ப அவருக்கு வேலை இல்லை."

தர்சா அழவில்லை. அதையெல்லாம் என்றைக்கோ அழுது முடித்தவளைப் போல் பேசினாள்.

"உங்ககிட்ட யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலை. கதைதானே, நானா கற்பனை பண்ணி..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஹெஸ்டருக்கு ஞாபகம் வந்தது. இந்த ஊருக்கு வந்த புதிதில், மிஸஸ் டின்ஸ்டேல் பாலாடைக்கட்டியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டே சொன்னாள். மேல் பண்ணைக்காரங்க, பாவம், வாசல் வரைக்கும் டாக்டர் வந்தும்கூட... அன்று வீடு திரும்பும் வழியில் ஹெஸ்டர் நினைத்தது என்ன என்பதும் ஞாபகம் வந்தது. இதில் ஒரு கதை இருக்கிறது என்று நினைத்தாள்.

"கேள்விப்பட்டிருக்கேன்," என்றாள். தொண்டையில் அந்தப் பெரிய குரல் இல்லை.

"எங்க வீட்டுக் கதைன்னு தெரிஞ்சா எழுதுனீங்க?"

"எழுதறப்ப அது நினைப்புல இல்லை. ஆனா தெரிஞ்சுதான் இருக்கணும். எங்கேயோ உள்ள இருந்திருக்கு."

"சாவியை ஒளிச்சு வெச்சான்னு எழுதியிருக்கீங்க. எம் புருஷன் திறக்க மாட்டேன்னு சொல்லலை, மிஸ் மாசன். திறக்க முடியலை."

"நான் அதை மாத்தி எழுதறேன். உண்மை என்னன்னு எல்லாருக்கும் தெரியற மாதிரி..."

"வேணாம்!" முதல் முறையாக தர்சாவின் குரல் உயர்ந்தது. "எங்களைப் பத்தி ஒரு வரி எழுதக்கூடாது. கெட்டதா மட்டும் இல்லை, நல்லதாவும் கூடாது. மன்னிப்புக் கேட்டுக்கூட எழுதக்கூடாது. உங்களுக்கு எதைக் குடுத்தாலும் அதைக் கதையாக்கிடுவீங்க. எம் பொண்ணை விட்டுடுங்க."

கல்லை எடுத்துக்கொள்ளாமலே போய்விட்டாள்.

ஹெஸ்டர் லண்டனுக்கு ரயில் ஏறினாள். பதிப்பாளர் லேவனம் அவளைத் தேநீரும் பிஸ்கட்டுமாக வரவேற்றார். அந்தக் கதையை அடுத்த பதிப்பில் எடுத்துவிட வேண்டும் என்று அவள் சொன்னதும் பிஸ்கட் தட்டு அவர் பக்கமே நகர்ந்துவிட்டது.

"ஹெஸ்டர், அந்தக் கதைதான் புத்தகமே. மத்ததெல்லாம் அட்டைக்குத் தடிமன். அதை எடுத்துட்டா என்ன மிச்சம்?"

"ஒரு குடும்பத்துக்கு அதனால அவமானம்."

"எந்தக் குடும்பம்? பூதம் குடும்பமா? முந்நூறு மைல் அந்தப் பக்கம் ஒரு ஆட்டுக்காரனுக்கு மூஞ்சி சுருங்குச்சுன்னு நான் அச்சை நிறுத்தணுமா? நீங்க வேணும்னேதானே அந்த ஆளை மாதிரி எழுதுனீங்க? உங்க முகத்தைப் பாத்தாலே தெரியுது."

"ஆமா. வேணும்னேதான்."

"அப்ப ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. பேசாம இருங்க."

"எடுக்கலைன்னா என் அடுத்த புத்தகம் உங்களுக்கு இல்லை."

லேவனம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். மூக்கை ஒரு தடவை உறிஞ்சினார்.

"பாக்கலாம், பாக்கலாம்," என்று சொல்லிவிட்டுத் தன் வேடிக்கைக்குத் தானே சிரித்தார்.

ஹெஸ்டர் எழுந்த வேகத்தில் தேநீர் அவருடைய விரிப்பின்மேல் கவிழ்ந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வெகு நாள் கழித்து, வேறு வழியில்லாமல், அடுத்த பதிப்பில் அந்தக் கதைக்குப் பதில் வாத்துக் கதை ஒன்றைப் போட லேவனம் சம்மதித்தார். அதற்குள் பழைய பதிப்பு நூலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் பரவி, எத்தனையோ வீடுகளில் தலையணைக்கடியில் போயிருந்தது. அதை யார் போய்ப் பிடுங்குவது?

ஊரில் காற்று திசை மாறியிருந்தது. கல் பொம்மை விஷயம் வெளியே தெரிந்ததும், விழுந்து விழுந்து சிரித்தவர்களெல்லாம் முகத்தை நீட்டிக்கொண்டார்கள். ஹெஸ்டர் கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றது. ஒருநாள் அவளே மிஸஸ் டின்ஸ்டேலிடம் கேட்டாள்.

"அந்தக் கதையை என்கிட்ட சொன்னதே நீங்கதானே? சிரிச்சதும் நீங்கதானே?"

"நான் சொன்னது கடைப் பேச்சு, மிஸ். கதவைத் தாண்டறதுக்குள்ள காத்துல போயிடும். நீங்க அதை அச்சுல போட்டு அட்டை ஒட்டி வித்தீங்க. வேற ஏதாச்சும் வேணுமா? பின்னால ஆளு நிக்கறாங்க."

பின்னால் யாரும் நிற்கவில்லை.

எழுதக்கூடாது என்று தர்சா சொன்னாள், பேசக்கூடாது என்று சொல்லவில்லை. அப்படி ஒரு சமாதானத்தைச் சொல்லிக்கொண்டு ஹெஸ்டர் இலையுதிர் காலத்துக் கிடாச் சந்தைக்குப் போனாள். வளையத்தைச் சுற்றி ஆண்கள் நெருக்கியடித்து நின்றார்கள். ஜேபெஸின் கிடாக்கள் உள்ளே வந்தன. கூட்டத்தில் எவனோ மூக்கை உறிஞ்சினான். சிரிப்பு பரவ ஆரம்பித்தது. ஹெஸ்டர் ஒரு பலகைமேல் ஏறி நின்றாள்.

"சிரிக்காதீங்க! அந்தக் கதையை எழுதினவ நான்தான். அது பச்சைப் பொய். அவர் பாதையைப் பூட்டினதுக்குக் காரணம் நான். என்னாலதான் அவர் ஆடுங்க செத்துச்சு. அவர் பேர்ல ஒரு தப்பும் இல்லை. கோபத்துல, பழிவாங்கணும்னு எழுதினேன்."

கொட்டகையின் பின்வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது.

"ஏம்பா ஜேபெஸ், பூதத்துக்கு வக்கீல் எல்லாம் வெச்சிருக்கியா!"

இதற்குமுன் கிடைத்த சிரிப்பெல்லாம் ஒன்றுமில்லை என்னும்படி கொட்டகையே அதிர்ந்தது. கிடாக்கள் மிரண்டு கம்பியில் முட்டின. ஜேபெஸ் வளையத்தின் நடுவில் நின்று ஹெஸ்டரை நிமிர்ந்து பார்த்தார்.

"இறங்கு கீழ," என்றார். இதுவரை அவளை நீ என்று சொன்னதில்லை. "வாயை மூடிட்டு இறங்கு. உன்னை யாரு கூப்பிட்டா? உன் கதையில பேச வெச்சே, இப்ப எனக்காக நீயே பேசறியா? எனக்கு வாய் இல்லையா?"

கிடாக்களை விற்காமலே ஓட்டிக்கொண்டு போய்விட்டார். ஹெஸ்டர் பலகையைவிட்டு இறங்க ஒருவரும் கை கொடுக்கவில்லை. கைத்தடியை ஊன்றித் தானே இறங்கினாள்.

குளிர்காலம் முழுக்க அவள் வீட்டைவிட்டு அதிகம் வெளியே வரவில்லை. மலைப்பக்கம் போகவே இல்லை. நடக்காததால் கதையும் வரவில்லை.

பனி உருகிய பிறகு ஒரு பகலில், குறுகலான வண்டிப்பாதையில் அவள் சந்தைச் சாமான்களோடு காரில் வந்துகொண்டிருந்தாள். வளைவில் ஜேபெஸின் மந்தை எதிரே வந்துவிட்டது. இரண்டு பக்கமும் கல் சுவர். பின்னால் எடுக்க வழியில்லை. இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி, சுவரோடு ஒட்டி நின்றாள். ஆடுகள் காரின் இரு பக்கமும் பிரிந்து உரசிக்கொண்டு போயின. கடைசியில் ஜேபெஸ் வந்தார். கடந்து போய்விடுவார் என்று நினைத்தாள். நின்றார். நாய் அவர் காலடியில் படுத்துக்கொண்டது.

"உன் கதையைப் படிச்சேன். தர்சா வேணாம்னா. நான் படிச்சேன்."

"மிஸ்டர் ஐவ்சன், நான் சொல்லக்கூடியது எதுவும்..."

"நீ சொல்லாத. நான் கேக்கறேன். புருவத்தை எழுதின, மூக்கை எழுதின. போகட்டும். என்னைப் பாத்து எழுதின. எம் புருவம், எம் மூக்கு, ஊரே பாக்குது." அவர் மூச்சை இழுத்துப் பிடித்தார். "வெளியில யாரோ நிக்கறாங்க, பாவம், குளிரும், உள்ள விடுப்பான்னு அந்தக் குட்டி சொல்லுதே, அது உனக்கு எப்படித் தெரியும்?"

ஹெஸ்டருக்குப் புரியவில்லை. புரிந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாது. யாரும் சொல்லலை. சத்தியமா. எழுதறப்ப தோணிச்சு, அவ்வளவுதான்."

"தோணிச்சு."

"ஆமா."

"மண்வெட்டி ஒடிஞ்சதும் வேற தேடி வீட்டுக்குள்ள ஓடினேன். அந்த அறையில நானும் எம் பொண்டாட்டியும்தான் இருந்தோம். எம் பொண்ணு அதையேதான் சொன்னா. டாக்டருக்குக் குளிரும்னா. அவளுக்குக் காய்ச்சல் கொதிக்குது, வெளியில நிக்கறவருக்குக் குளிரும்னு கவலைப்பட்டா. அதை நாங்க எவன்கிட்டயும் சொன்னதில்லை. நானும் தர்சாவும் அதைப் பத்தித் திரும்பப் பேசிக்கிட்டதுகூட இல்லை." அவர் குரல் உடைந்து, உடனே இறுகியது. "பொய்யா எழுதினதை நான் மன்னிச்சுடுவேன், பொம்பளை. பொய்யைத் தாங்கிக்கலாம். நீ சரியா எழுதியிருக்க பாரு, அதை என்னால மன்னிக்கவே முடியாது. இப்ப ஊர்ல இருக்கிற பிள்ளைங்க எல்லாம் அதைச் சொல்லிட்டுத் திரியுது. எம் பொண்ணு எனக்கு மட்டும் சொன்னதை."

எத்தனையோ அரசர்களுக்கும் அகதிகளுக்கும் அநாதைகளுக்கும் வசனம் எழுதிக்கொடுத்த ஹெஸ்டர், வாயைத் திறந்து மூடினாள். ஜேபெஸ் நாயை அதட்டி எழுப்பிக்கொண்டு மந்தைக்குப் பின்னால் நடந்தார்.

கோடையில் அவள் வீட்டை விற்றுவிட்டுத் தெற்கே கடலோர ஊர் ஒன்றுக்குப் போனாள். வழியனுப்ப யாரும் வரவில்லை. மிஸஸ் டின்ஸ்டேல் மட்டும் புது முகவரியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள், தபால் வந்தால் அனுப்ப வேண்டுமே என்று. தர்சா கேட்டுக்கொண்டபடி ஹெஸ்டர் அவர்களைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. கடல் மணலில் நடந்து பழகி, வேறு புத்தகங்கள் எழுதினாள். சிலுவைப் போர்கள், தொலைந்துபோன படைகள், கப்பலேறிப் போன இளவரசர்கள். அவை சுமாராக விற்றன. அவளுடைய கதைகளில் கெட்டவர்களுக்கு இப்போதெல்லாம் முகமே இருப்பதில்லை, குழந்தைகள் பேசுவதும் குறைந்துவிட்டது என்று ஒரு பத்திரிகையில் குறை சொல்லியிருந்தார்கள். அவள் அதைப் படித்துவிட்டு, மறுப்பு எதுவும் எழுதாமல், பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.